சாபிரா: தன்னைப் பற்றி ஒரு பக்கம்

உலான் காற்று கிளம்பிவிட்டால் ஏரிக்கரைத் துறைமுக ஊரான பாலிக்சியில் யாரும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். மேற்கே மலை இடுக்கிலிருந்து அது ஊருக்குள் இறங்கும்போது, புகைபோக்கியில் ஏறின புகையை மறுபடி வீட்டுக்குள்ளேயே தள்ளிவிடும். அன்றைக்கெல்லாம் ஆறின தேநீர், முந்தின நாள் ரொட்டி, உப்புக் கருவாடு. தலைநகர் பிஷ்கேக்கில் மகள் வீட்டு எட்டாவது மாடியில், காற்றே நுழையாத இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊரார் விண்ணப்பங்களைத் திருத்திக்கொண்டிருக்கும் நூரிஸாவுக்குச் சில நாட்களில் அந்தப் புகை நெடிக்குக்கூட மனசு ஏங்கும்.

இந்த இருபது வருஷத்தில் எத்தனையோ பேருக்கு அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஓவியர்கள், பாட்டுக்காரர்கள், களிமண்ணில் உருவம் பிடிக்கிறவர்கள். எல்லாமே 'நான்' என்றுதான் ஆரம்பிக்கும். மானியம் கொடுக்கிறவர்களுக்கும், வெளிநாட்டில் மூன்று மாதம் தங்கி வேலை செய்ய இடம் கொடுக்கிறவர்களுக்கும் முதலில் அந்த ஒரு பக்கம் வேண்டும்: நான் யார், எதைச் செய்கிறேன், ஏன் செய்கிறேன். ஆனாலும் முதன்முதலில் ஓரகத்தி சாபிராவுக்காக எழுதின பக்கம்போல இன்னொன்று அவளுக்கு வாய்க்கவில்லை.

அண்ணன் தம்பி இருவரும் ஒரே வளவுக்குள் இருந்தார்கள். ஒரே கதவு, இரண்டு வீடு, நடுவில் வெயில்காலச் சமையல் கொட்டகை. மூத்தவர் அசன்குல், துறைமுகத்தில் 'துல்பார்' என்ற இழுவைப் படகில் பத்தொன்பது வருஷம் இயந்திரக்காரராக இருந்தவர். அவர் மனைவி சாபிரா, கப்பல் பழுது பார்க்கும் பட்டறையின் வரைபட அறையில் வேலை பார்த்தவள். பொறியாளர் போட்ட படத்தை மெல்லிய தாளில் மசியால் நகல் எடுக்கிற வேலை. ஒரு கோடு பிசகினாலும் தகடு பொருந்தாது. தம்பி தெமிர்குலுக்கு வாழ்க்கைப்பட்டவள் நூரிஸா. துறைமுக வானொலி அறையில் உட்கார்ந்து, "துல்பார், துல்பார், கேட்கிறதா? சாயங்காலம் கிழக்கேயிருந்து சந்தாஷ் காற்று வருகிறது" என்று ஏரிக்குள் இருக்கிற படகுகளோடு நாளெல்லாம் பேசினவள்.

பிறகு தேசம் பல நாடுகளாக உடைந்தது. ஏரியின் கிழக்குக் கரைக்கு நிலக்கரி போவது நின்றது. பட்டறை மூடியது, வானொலி அறையின் கம்பியைக்கூட யாரோ உருவிக்கொண்டு போனார்கள். தெமிர்குல் வடக்கே சமாரா நகரத்துக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். நூரிஸா பேருந்துகள் நிற்கிற இடத்தில் புகை போட்ட செபாக் மீனும் அவித்த உருளைக்கிழங்கும் விற்றாள்.

மீன் சுற்றுகிற பழைய செய்தித்தாளில்தான் அந்த அறிவிப்பு கிடைத்தது. இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம், பனி உருகுகிற சமயம். மீன் எண்ணெய் ஊறின தாளை, மீன் வாங்க வந்தவரிடமிருந்து பிடுங்காத குறையாகத் திரும்ப வாங்கிக்கொண்டு, வேறு தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டு, மத்தியானமே கடையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, இங்க பாரு. ஓவியம் வரையுறவங்களக் கூப்பிட்டிருக்கான். எடுபட்டா வெளிநாட்டுல மூணு மாசம். தங்க இடம், சாப்பாடு, தாளு, பென்சில் எல்லாம் அவனே தாரான்."

சாபிரா மாவு பிசைந்த கையோடு நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்குத் தாரான்?"

"வரையுறதுக்கு."

"வரைஞ்சு?"

"வரைஞ்சு என்ன, வரையத்தான்."

"அவனுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு. உனக்கு அதுக்கு மேல" என்றாள் சாபிரா. "போயி கைகால் கழுவு, மீன் நாத்தம் கொடலைப் புடுங்குது."

சாபிராவின் கட்டிலுக்கு அடியில் ஒரு கட்டு இருந்தது. பட்டறை மூடியபோது குப்பைக்குப் போன வரைபடங்களின் பின்பக்கத்தில் அவள் பென்சிலால் வரைந்தவை. கம்பளித் துணி சுற்றிக் கட்டி வைத்திருந்தாள். நூரிஸா ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். பார்த்த அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அசன்குல் பார்த்ததே இல்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சும் கிடையாது.

முதல் விண்ணப்பத்தை நூரிஸா தனக்குத் தெரிந்த முறையில் எழுதினாள். வேலைக்குச் சேரும்போதெல்லாம் எழுதின அதே நடை. 'சாபிரா ஜோல்தோஷெவா ஆகிய நான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் ஆண்டு, மீன் பதனிடும் ஆலைத் தொழிலாளியின் குடும்பத்தில் பிறந்தேன். எட்டாம் வகுப்பு முடித்தேன். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானதில்லை. வெளிநாட்டில் உறவினர்கள் இல்லை.' கீழே துறைமுகத் தொழிற்சங்கம் கொடுத்த இரண்டு பாராட்டுப் பத்திரங்களையும் குறிப்பிட்டாள். சாபிராவுக்கு வாசித்துக் காட்டியபோது அவளுக்குப் பரம திருப்தி.

"இது சரி. இதுல ஒரு வார்த்தை பொய்யில்ல."

பதில் இரண்டு வரியில் வந்தது. ஆர்வத்துக்கு நன்றி, இந்த முறை இயலவில்லை.

"வெளிநாட்டுல சொந்தம் இல்லேன்னு போட்டியே, அதான் தரல" என்றாள் சாபிரா. "ஒரு சித்தப்பனையாவது அங்க வச்சிருக்கணும்."

விட்டுவிட்டிருப்பார்கள். ஆனால் மே மாதத்தில், பிஷ்கேக்கிலிருந்து மீரிம் என்ற பெண் வந்து கலாச்சார மாளிகையில் ஒரு நாள் வகுப்பு எடுத்தாள், விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று. முப்பது வயது இருக்கும். குட்டை முடி, ஆண்பிள்ளைச் செருப்பு, நல்ல சிரிப்பு. வந்திருந்த பதினைந்து பேரில் பாதிப்பேர் மதியம் போடுகிற லக்மான் நூடுல்ஸுக்காக வந்தவர்கள். மீரிம் பலகையில் வார்த்தைகளாக எழுதிக்கொண்டே போனாள். அடையாளம். வேர். மரபு. பெண். நிலம். நூரிஸா ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டாள். வானொலி அறையில் பதிவேடு எழுதுகிற வேகம் விரல்களுக்குத் திரும்பி வந்திருந்தது. மேசை, நாற்காலி, பேனா. எட்டு வருஷத்துக்குப் பிறகு தன் முதுகு நேராக இருப்பதை அவளே கவனித்தாள்.

வகுப்பு முடிந்ததும் பழைய விண்ணப்பத்தைக் காட்டினாள். மீரிம் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு வெட்கப்பட்டாள்.

"மன்னிச்சுக்கோங்க அக்கா. எங்கப்பா எழுதுனது மாதிரியே இருக்கு. அவங்களுக்கு இது வேண்டாம். அவங்க தூரத்துல இருந்து நம்மளப் பாக்குறாங்க. மலை தெரியுது, கூடாரம் தெரியுது, குதிரை தெரியுது. அதுல உங்க அக்கா எங்க நிக்கறாங்கன்னு சொல்லணும்."

"அவ கூடாரத்துல நின்னதே இல்லையே."

"கல்யாணம் காட்சிக்குக்கூடவா?"

அன்று சாயங்காலம் நூரிஸா எழுதினது வேறு. உட்கார்ந்த இடத்தில், ஒரே மூச்சில். 'நான் நாடோடிகளின் மகள். என் பாட்டியின் கூடாரத்தில், தலைக்கு மேலே திறந்த வட்டத்தின் வழியாக வானத்தைப் பார்த்தே கோடு போடக் கற்றேன். குதிரையின் முதுகிலிருந்துதான் உலகத்தை முதலில் கண்டேன்.' எழுத எழுதத் தித்தித்தது. தன் கையிலிருந்து இப்படியெல்லாம் வரும் என்று அவளுக்கே தெரியாது. தபால் நிலையத்துக்குப் பக்கத்துக் கணினி அறையில் கொடுத்து அடித்து, மீரிம் சொன்ன இன்னொரு இடத்துக்கு அனுப்பியும்விட்டாள். சாபிராவுக்கு வாசித்துக் காட்டவில்லை. "கொஞ்சம் மாத்தி எழுதியிருக்கேன்" என்றதோடு சரி.

ஜூலையில் பதில் வந்தது. இருநூறு பேரில் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி வைத்திருக்கிறார்களாம், அதில் சாபிராவும் ஒருத்தி. பத்துப் படங்களின் புகைப்படம் வேண்டும். கூடவே, 'உங்கள் கூடாரத்துக் குழந்தைப் பருவம் பற்றி இன்னும் விரிவாக எழுதி அனுப்புங்கள்.'

அன்றைக்குக் கொட்டகையில் உருளைக்கிழங்கு வதங்கிக்கொண்டிருந்தது. நூரிஸா கடிதத்தை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தாள். சாபிரா கையைத் துடைத்துவிட்டு, "முழுசா வாசி" என்றாள். வேறு வழியில்லை. வாசித்தாள். பிறகு சாபிரா, அனுப்பின பக்கத்தையும் வாசிக்கச் சொன்னாள். அதையும் நூரிஸா வாசித்தாள்.

சாபிரா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யாரு இந்தப் பொம்பள?"

"அக்கா..."

"இல்ல, யாருன்னு கேக்கறேன். எங்க பாட்டி மீன் ஆலையில டின் ஒட்டுனவ. நான் பொறந்தது ஆலைக்குப் பின்னால பலகை வீட்டுல. எனக்குக் குதிரைன்னா பயம்னு உனக்குத் தெரியுமா தெரியாதா? என் கல்யாணத்துல குதிரை தும்முனதுக்கு நான் அலறுனேன்னு ஊரே இன்னும் சிரிக்குது. எனக்குத் தெரிஞ்ச குதிரை அந்தத் துல்பார் ஒண்ணுதான். அதுக்கும் உடம்பு இரும்பு, பேருதான் குதிரை."

"அவங்க கேக்குறத எழுதினேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க."

"அப்ப எல்லாரும் போகட்டும். அந்தக் கூடாரத்துக்காரியக் கூப்பிட்டு அனுப்பு, அவளே போயிட்டு வரட்டும்."

"உனக்காகத்தான அக்கா நான் நாயா அலைஞ்சேன்!"

"எனக்காகவா?" சாபிரா அவளையே பார்த்தாள். "நீ பேனா பிடிக்கணும்னு அலைஞ்சே. பிடிச்சிட்டே. அதுல நான் எங்க இருக்கேன்?"

உருளைக்கிழங்கு தீய்ந்துபோனது. இரண்டு பேரும் அதை எடுத்துவைக்கவில்லை.

நாலு நாள் பேச்சில்லை. ஒரே கிணற்றில் இறைத்து, ஒரே கொடியில் துணி உலர்த்திக்கொண்டு பேசாமலிருப்பது லேசான காரியமில்லை. சாபிரா ரொட்டி சுட்டால் நூரிஸாவின் வாசலில் இரண்டைத் துணி மூடி வைத்துவிட்டுப் போனாள். நூரிஸா அந்தத் துணியைத் துவைத்து மடித்து அவள் வாசலில் வைத்தாள். அசன்குல் மட்டும் யாரோ கொடுத்த பழைய நீரேற்றியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். படகு போனதிலிருந்து அவர் ஏரிக்கரைப் பக்கமே போவதில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. யாருடைய இயந்திரமாவது முன்னால் கிடந்தால் போதும்.

ஓரகத்தி சொன்னது நூரிஸாவைத் தைத்தது, அது நிஜமாக இருந்ததால். அந்தப் பக்கத்தை மறுபடி படித்துப் பார்த்தாள். எத்தனை அழகான வாக்கியங்கள்! கட்டிலுக்கடியில் கிடக்கிற அந்தப் படங்களில் ஒன்றுகூட அதில் இல்லை.

ஐந்தாம் நாள் காலையில், காற்று விழுந்திருந்தது. சாபிரா மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். நூரிஸா ஒரு மணைப் பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கத்தியை எடுக்கவில்லை. நோட்டும் பேனாவும் எடுத்து வந்திருந்தாள்.

"அக்கா, நான் ஒண்ணும் எழுதல. நீ சொல்லு. சொல்றதை மட்டும் எழுதுறேன்."

"என்னத்தச் சொல்ல?"

"அந்தப் படத்தையெல்லாம் எப்ப வரைஞ்சே?"

சாபிரா ஒரு மீனை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். "உனக்குத் தெரியாதா? துல்பாரை உடைச்சப்ப."

"எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதுல்ல."

இன்னும் இரண்டு மீன் ஆயிற்று. பிறகு சாபிரா தானாகவே ஆரம்பித்தாள், மீனைப் பார்த்துக்கொண்டே.

"துறைமுகத்தை வித்தாங்க. வாங்குனவன் படகை எல்லாம் வெட்டி இரும்பாச் சீனாவுக்கு ஏத்தப்போறேன்னான். வெட்டுறதுக்கு ஆள் தேடுனான். இவரு போயி, துல்பாரை நானே வெட்டுறேன்னாரு. ஊரே காறித் துப்பிச்சு. பத்தொன்பது வருஷம் சோறு போட்ட படகை வெட்டப் போறான் பாருன்னு நம்ம மாமியாரே திட்டுனாங்க. எங்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொன்னாரு. யாரோ ஒருத்தன் வெட்டத்தான் போறான், தெரியாதவன் வெட்டுனா கண்டபடி வெட்டுவான்னாரு."

நூரிஸா எழுதிக்கொண்டே இருந்தாள்.

"நாப்பத்தொரு நாள். நான் மத்தியானம் சோறு கொண்டுபோவேன். கஞ்சியோ நூடுல்ஸோ, ரொட்டி, ஒரு புட்டி மோரு. அவரு சாப்பிடுவாரு. நான் எதிர்ல உக்காந்து, அதுவரைக்கும் வெட்டுனது போக மிச்சம் இருக்கறதை வரைவேன். சாப்பிட்டு முடிச்சதும் நான் எந்திரிச்சிருவேன்."

"ஏன் வரைஞ்சே?"

"சும்மா உக்காந்திருந்தா அவரு முகத்தப் பாக்கணுமே."

நூரிஸாவின் பேனா நின்றது. சாபிரா கவனிக்கவில்லை.

"முதல் படத்துல முழுப் படகு. அடுத்ததுல மேல்கூண்டு இருக்காது. அடுத்து புகைக்குழாய் இருக்காது. அப்படியே போயி, கடைசித் தாள்ல தண்ணியும் கரையில எண்ணெய்க் கறையும்தான். அவ்வளவுதான். வேற என்ன?"

"என்ன நெனச்சுக்கிட்டு வரைஞ்சே?"

"ஆற வச்சா கஞ்சி கட்டியாயிருமேன்னு நெனச்சேன். எழுதாத அதை."

நூரிஸா அதையும் எழுதினாள்.

எழுதி முடித்தபோது ஒரு பக்கம்கூட வரவில்லை. வாசித்துக் காட்டினாள். சாபிரா கையை அலம்பாமல் அப்படியே கேட்டாள்.

"இது நான்தான்" என்றாள் கடைசியில். உடனே முகம் மாறியது. "ஆனா இதை அனுப்ப முடியாது."

"ஏன்?"

"இதுல நான் மட்டுமா இருக்கேன்? அவரும் இருக்காரு. அவரு வெட்டுனதை ஊரான் ஊரான் வாசிப்பான். அவருகிட்டக் கேக்காம எப்படி?"

"கேளு."

"மூணு வருஷமாச்சு. நான் அந்தப் பேச்சை எடுத்ததில்ல. நீ கேளு."

"நானா?" நூரிஸா பதறினாள். கணவனின் அண்ணன் பெயரை வாயால் சொல்லாத வீடு அது. எதிரில் வந்தாலே குரலைத் தாழ்த்துகிற வழக்கம். அவர் படகில் இருந்தபோது வானொலியில்கூட அவள் 'துல்பார்' என்றுதான் கூப்பிட்டாள், ஆளை அழைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூவரும் கொட்டகையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். சாபிரா அன்று ஆட்டுக்கறி போட்டுப் பெஷ்பர்மாக் செய்திருந்தாள். காரணமில்லாமல் கறி வெந்ததால் அசன்குலுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

"யாரு செத்துட்டாங்க?" என்றார்.

"யாரும் சாகல, சாப்பிடுங்க" என்றாள் சாபிரா.

"அப்ப யாருக்குக் கல்யாணம்?"

நூரிஸா தட்டைப் பார்த்தபடி, "அத்தான், உங்ககிட்ட ஒண்ணு வாசிச்சுக் காட்டணும்" என்றாள். அவர் பதில் சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டாள். நிறுத்தினால் திரும்பத் தைரியம் வராது என்று தெரியும்.

'என் கணவர் துல்பார் என்ற படகில் பத்தொன்பது ஆண்டுகள் இயந்திரம் பார்த்தார். பிறகு அதை அவரே வெட்டினார். தெரியாதவன் வெட்டினால் கண்டபடி வெட்டுவான் என்றார். நான் மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டுபோனேன். அவர் சாப்பிடுகிற நேரத்தில் மிச்சமிருந்ததை வரைந்தேன். சும்மா உட்கார்ந்திருந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். ஆற வைத்தால் கஞ்சி கட்டியாகிவிடுமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொரு படங்கள் இருக்கின்றன. நான் கப்பல் பட்டறையில் நகல் எடுத்தவள். இருப்பதை மட்டுமே வரையத் தெரியும்.'

வாசித்து முடிந்தது. அசன்குல் ஒரு எலும்பைக் கையில் பிடித்தபடியே இருந்தார். சாபிரா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்க இருக்கு அது?" என்றார்.

சாபிரா தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"படம். எங்க வச்சிருக்கே?"

சாபிரா எழுந்து போய்க் கட்டைக் கொண்டுவந்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது, அவள் விரலுக்கு அவிழவில்லை. அவரே வாங்கி அவிழ்த்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு முதல் தாளை எடுத்தார். இரண்டாவது. மூன்றாவது. சாப்பாட்டை நகர்த்திவிட்டு, தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினார். பதினான்காவது தாளில் நின்றார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இது தப்பு."

"எது?" சாபிரா வெடுக்கென்று திரும்பினாள். இருபத்திரண்டு வருஷ வேலையில் ஒரு தாள் திரும்பி வந்ததில்லை அவளுக்கு.

"இந்த விலாச் சட்டம். ஏழாவது. இதுல நான் ஒரு ஒட்டுத் தகடு போட்டிருந்தேன், எண்பத்து நாலுல, பாறையில இடிச்சப்ப. எட்டு ஆணி. அது எங்க?"

"அன்னைக்கு ஒரே புகை. தெரியல."

"புகையா இருந்தா என்னைக் கேட்டிருக்கணும்."

"கேக்கற மாதிரியா இருந்தீங்க?"

அசன்குல் அவளை நிமிர்ந்து பார்த்தார். சாபிராவும் பார்த்தாள். நூரிஸா எழுந்து போய்விடலாமா என்று யோசித்தாள். 

"பென்சில் கொண்டா" என்றார் அவர்.

அவர் போடவில்லை. சாபிராவின் கையில் கொடுத்து, விரலால் இடத்தைக் காட்டினார். அவள் எட்டு ஆணியும் போட்டாள். பிறகு அவர் பேச ஆரம்பித்தார். இது எண்ணெய்த் தொட்டி, இதைக் கழற்றத்தான் ரெண்டு நாளாயிற்று. இந்த இடத்தில்தான் தெமிர்குல் சின்னவனாக இருக்கும்போது கையை நசுக்கிக்கொண்டான். இங்கே ஒரு பூனை குட்டி போட்டிருந்தது, அதற்காக அன்றைக்கு முழுவதும் முன்பக்கமே வெட்டினேன். மூன்று வருஷத்தில் பேசாததை எல்லாம் அந்த ஒரு மதியத்தில் பேசினார். கறி ஆறி, கொழுப்பு வெள்ளையாக உறைந்துபோனது. கடைசித் தாளுக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தோட்டத்துக் கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

திரும்பி வந்து நூரிஸாவிடம் சொன்னார்: "அனுப்பு. ஒட்டுத் தகட்டையும் எழுதிரு."

அனுப்பினார்கள். அந்த இடம் கிடைக்கவில்லை. முதலில் சொன்ன குழந்தைப் பருவத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் பொருத்தமில்லையாம். அது நியாயம்தான் என்று நூரிஸாவுக்கும் பட்டது. சாபிரா, "விட்டுது சனியன்" என்று சொல்லிவிட்டு ஊறுகாய்க்கு வெள்ளரி அறுக்கப் போய்விட்டாள். ஆனால் சாயங்காலம் தனியாகக் கரை வரைக்கும் நடந்துவிட்டு வந்தாள்.

மீரிம்தான் விடவில்லை. பக்கத்தின் நகலையும் புகைப்படங்களையும் நூரிஸா அவளுக்கும் அனுப்பியிருந்தாள்; வாசித்த அன்றைக்கே தொலைபேசியில் கூப்பிட்டாள். "அக்கா, கூடாரத்த எழுதச் சொன்னது நான்தான், தப்பு எம்மேல" என்றாள். யாரிடமும் கேட்காமல், அதே பக்கத்தையும் பத்துப் படங்களையும் வடகடல் ஓரத்தில் ஒரு துறைமுக ஊரில் இருக்கிற வேறொரு இல்லத்துக்கு அனுப்பிவைத்தாள். அடுத்த வசந்தத்தில் அங்கிருந்து கடிதம் வந்தது. ஒரே வரி: 'வாருங்கள், இங்கும் கப்பல் வெட்டுகிறார்கள்.'

கடவுச்சீட்டுக்கு அலைந்தது, விசாவுக்காகப் பிஷ்கேக்கில் மூன்று நாள் காத்துக் கிடந்தது எல்லாம் தனிக்கதை. ஆகஸ்ட் கடைசியில் பேருந்து நிலையத்தில் சாபிரா புது மேலங்கி போட்டுக்கொண்டு விறைத்து நின்றாள். ஒரு பையில் துணி, ஒரு பையில் உலர்ந்த தயிர் உருண்டையும் புகை போட்ட மீனும். விமான நிலையத்தில் மீனைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று யார் சொல்லியும் கேட்கவில்லை.

"அங்க என்னைப் பேசச் சொன்னா என்னடி செய்வேன்?"

"எழுதினதை வாசி."

"அதை நான் எழுதலையே."

"நீதான் அக்கா சொன்னே. நான் பேனா பிடிச்சேன், அவ்வளவுதான்."

அசன்குல் பேருந்துக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, ஓட்டுநரிடம் பின் சக்கரத்துப் பட்டை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்த மூன்று மாதம்தான் நூரிஸாவின் வாழ்க்கையில் திருப்பம். விஷயம் பரவி, கொம்பு ஊதுகிறவர், பொம்மை செய்கிறவள், சோங்-சாரி-ஓய் ஊரிலிருந்து மரம் செதுக்குகிற ஒருவர் என்று ஒவ்வொருவராக அந்த வளவுக்குள் வந்தார்கள். எல்லாருக்கும் முதலில் நாலு உருளைக்கிழங்கைக் கொடுத்து, "தோல் சீவுங்க, சீவிக்கிட்டே சொல்லுங்க" என்பாள். கை வேலையில் இருந்தால் வாய் நிஜம் பேசுகிறது என்று அவள் கண்டுகொண்டிருந்தாள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தபால் நிலையத்துத் தொலைபேசியில் சாபிராவின் அழைப்பு வரும். நன்றாக இருக்கிறேன், சாப்பாடு உப்பில்லை, எல்லாரும் நல்லவர்கள். அவ்வளவுதான். அதற்குள் நிமிஷம் முடிந்துவிடும்.

நவம்பர் கடைசியில் திரும்பி வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், தலைமுடியைக் கத்தரித்திருந்தாள். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சந்தடி அடங்கினதும், பையின் அடியிலிருந்து ஒரு உறையை எடுத்து நூரிஸாவின் மடியில் போட்டாள்.

"இதையும் எழுதணுமாம். மூணு மாசம் என்ன செஞ்சேன்னு அறிக்கை. மீரிம்கிட்டக் கொடுத்தா அவங்க பாஷையில மாத்தி அனுப்பிருவா. நீயே எழுதிரு."

நூரிஸா பேனாவை எடுத்தாள். இப்போது அவளுக்கு எல்லா வார்த்தையும் அத்துப்படி. அனுபவப் பகிர்வு, கலாச்சார உரையாடல், புதிய பார்வை. ஒரு வரி எழுதினாள். அடித்தாள். பிறகு உறையைத் திருப்பி சாபிராவிடமே கொடுத்தாள்.

"இந்தத் தடவை நீ எழுது."

"எனக்கு எழுத்துப்பிழை வருமே."

"வரட்டும்."

சாபிரா முணுமுணுத்துக்கொண்டே தாளை வாங்கி, வரைபலகையில் சாய்கிறவள்போல ஒருக்களித்து உட்கார்ந்து, தேநீர் ஆறுகிற வரைக்கும் யோசித்து, நகல்காரியின் அச்சடித்தாற்போன்ற கையெழுத்தில் மூன்று வரி எழுதினாள். நூரிஸா வாங்கி வாசித்தாள்.

'முதல் மாதம் தூங்கினேன். இரண்டாம் மாதம் அழுதேன். மூன்றாம் மாதம் வரைந்தேன்.'

மறுபடி வாசித்தாள். இரண்டாவது வரியில் கண் நின்றது.

"எதுக்குக்கா அழுதே?"

சாபிரா ஆறின தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

"இப்படிக் கேக்க அங்க ஒருத்தரும் இல்லையேன்னுதான்."